கஞ்சிப் பானையை ஒளித்த நாள்

என் கணவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று தெரிந்த பிறகுதான் நானும் மச்சாளும் இலைக்கஞ்சி காய்ச்சத் தொடங்கினோம். மச்சாள் அவருடைய தங்கை; எங்களோடுதான் இருக்கிறாள். முதலில் வீட்டுக்கு மட்டும். பிறகு பக்கத்து வீட்டார் கேட்டார்கள். ஒரு வருடத்துக்குள் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் கேட்டடியில் தினமும் காலையில் இரண்டு பானைக் கஞ்சி விற்றோம். கடற்கரைப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் நின்று குடிப்பார்கள். களுபோவில ஆஸ்பத்திரிக்கு வெறும் வயிற்றோடு போகிறவர்கள், பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்த பிறகு குடிக்கவென்று போத்தலில் வாங்கிப் போவார்கள்.

ஃபிளாட் கமிட்டிக்குத்தான் பொறுக்கவில்லை. நாங்கள் இருக்கும் மூன்றாம் மாடி முழுக்க இலை வாடையாம். மாத முடிவோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பக்கத்துச் சந்தில், ஒழுங்கைக்குள், ஒரு பழைய கராஜ் வாடகைக்கு இருந்தது. அதைச் சமையலறையாக்கித் தண்ணீர், வடிகால், டைல்ஸ் எல்லாம் போட எங்களிடம் வசதியில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு மானியத்தைப் பற்றிக் கேள்விப்பட்டோம். அக்கம்பக்கத்துச் சனத்துக்கு உடம்புக்கு நல்ல சாப்பாட்டைக் குறைந்த விலையில் கொடுக்கும் சின்னத் தொழில்களுக்கான உதவி அது. எங்களுக்கென்றே யாரோ யோசித்தது போல இருந்தது.

வல்லாரை, முசுட்டை, சிவப்பரிசி என்று நான் விண்ணப்ப ஃபோமில் எழுதியதை வாசித்தால் யாருக்கும் வாய் ஊறும். கமிட்டி நிறுத்தச் சொன்னதை மட்டும் எழுதவில்லை. அது எங்களுக்குக் குறைச்சல் என்று நினைத்தேன். ஒரு புதன்கிழமை இரண்டு பேர் பார்க்க வருவார்கள் என்று பதில் வந்தது.

செவ்வாய் பின்னேரம் மச்சாள் கேட்டாள்: "வாறவைக்கு என்ன குடுப்பம்?"

"ரோல்ஸ், பற்றீஸ், கேக். சோடாவும் எடுப்பம்."

"கஞ்சி?"

"வீடு தேடி வாற ஆக்களுக்குக் கஞ்சியே குடுக்கிறது? என்ன கதை கதைக்கிறீங்கள் மச்சாள்!"

"ஓம், அதுவும் சரிதான்," என்றாள்.

புதன் காலை வியாபாரத்தைச் சீக்கிரமே முடித்தோம். மிச்சக் கஞ்சிப் பானையைப் பல்கனியில் காய்ந்த உடுப்புகளுக்குப் பின்னால் வைத்தோம். வாடை போகச் சாம்பிராணியும் போட்டோம். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வந்தவர்களில் ஒருவர் வயதான சிங்கள ஐயா. மற்றவள் முப்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் பெண், அவள்தான் குறிப்பெடுத்தாள். ஐயா இரண்டு ரோல்ஸை ரசித்துச் சாப்பிட்டார். அவள் தட்டைத் தொடவில்லை.

"அக்கா, நீங்க விக்கிற கஞ்சி எங்க?"

"ஐயோ, அது வருத்தக்காரர் குடிக்கிறது. உங்களுக்கு ஏன் பிள்ளை? கேக் எடுங்கோ."

"எனக்கும் சுகர்தான் அக்கா," என்று சிரித்தாள். தண்ணீர் மட்டும் குடித்தாள். அப்போதாவது எழும்பிப் போய்ப் பானையை எடுத்து வந்திருக்கலாம். சாம்பிராணி போட்ட வீட்டில் அதை எப்படி எடுப்பது என்று கேக் தட்டையே இன்னும் அவள் பக்கம் தள்ளினேன்.

அவர்கள் போனதும், நல்லாய்க் கவனித்து அனுப்பினோம் என்று இரண்டு பேருக்கும் பெரிய திருப்தி.

பதில் மாதக் கடைசியில் வந்தது. ஃபோமில் எழுதிய உணவை நேரில் காண முடியாததால் சிபாரிசு செய்ய முடியவில்லையாம். நான் கமிட்டியைத் திட்டினேன், கடிதத்தைத் திட்டினேன், மச்சாளையும் திட்டினேன்.

"கேக் ஓடர் குடுத்தது நீங்கள்தானே மச்சாள்," என்றாள் அவள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கமிட்டி தந்த தவணையின் கடைசி நாள் காலை கேட்டடியில் நின்றோம். இன்றோடு கஞ்சி இல்லை என்று வாடிக்கைக்காரருக்கெல்லாம் முதல் நாளே சொல்லியாயிற்று. பானை பாதியான நேரம் ஒரு ஓட்டோ வந்து நின்றது. இறங்கியது அன்று குறிப்பெடுத்த அந்தப் பெண். கிளினிக்குக்குப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறாளாம். ஒரு கப் வாங்கி, நின்றபடியே ஊதி ஊதிக் குடித்தாள். இன்னொரு கப்புக்குக் கை நீட்டினாள்.

"இத அன்டைக்கே தந்திருந்தா நான் எழுதியிருப்பேனே அக்கா," என்றாள்.

மச்சாள் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

அவள் ஓட்டோவில் ஏறியிருந்து தலையை வெளியே நீட்டினாள்.

"நாளையிலிருந்து எனக்கும் ஒரு போத்தல் எடுத்து வைங்க அக்கா. எத்தனை மணிக்கு வரட்டும்?"