என் மௌத்தை நானே கேட்டேன்

நான் இறந்துவிட்டேன் என்ற மௌத்துச் செய்தியை என் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன். பகிடிக்குச் சொல்லவில்லை. எண்பத்தொன்றாம் ஆண்டு மாசி மாதம், பெரும்போக நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தது. மாவடிப்பள்ளிப் பக்கத்து வயலில், வெட்டுக்காரர்களுக்கு நடுவே வரம்பில் நின்றேன். காற்று ஊர்ப் பக்கமிருந்து வீசியது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியை யாரோ விரலால் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு பாங்கு சொல்லும் மோதினாரின் குரல்.

"இன்னாலில்லாஹி... ஆதம்பாவாட மகன் இஸ்மாலெப்பை மௌத்தாகிட்டார். ஜனாஸா அஸருக்குப் பொறகு."

ஆதம்பாவாவின் மகன் இஸ்மாலெப்பை நான்தான்.

வெட்டுக்காரர்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான், மற்றவர்கள் சிரிக்காததைக் கண்டு அவனும் நிறுத்திக்கொண்டான். நான் சைக்கிளை எடுத்தேன். எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வாசலில் சனம். உள்ளே என் மனைவி கதீசாவின் அழுகை தெருவரைக்கும் கேட்டது. என் உடலை, மையித்தை, ஏற்றிவர வயலுக்கு ட்ராக்டர் அனுப்பிவிட்டார்களாம். என்னைக் கண்டதும் கதீசாவின் சத்தம் அப்படியே நின்றது. வாயைத் திறந்தபடி இருந்தாள். அவளுடைய தம்பி என் கையைத் தொட்டுப் பார்த்தான்.

"மச்சான், நீங்க மௌத்தாகல்லியா?"

"எனக்குத் தெரியாது," என்றேன். உண்மையாகவே அப்படித்தான் சொன்னேன்.

எங்கள் ஊரில் கல்யாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். அதனால் ஒருவரைச் சொன்னால் எந்த வீட்டில் கல்யாணம் முடித்தவர் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மோதினார் அவசரத்தில் அதை விட்டுவிட்டார். ஊரில் இன்னொரு ஆதம்பாவா இருந்தார். அவருக்கும் இஸ்மாலெப்பை என்று ஒரு மகன். என் வயதுதான் அந்த மகனுக்கும், நாற்பத்தொன்று. அன்று காலை தன் கடையைத் திறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழும்பவில்லை.

இதைச் சொல்லத்தான் அவருடைய தம்பி எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். அழுது வீங்கின முகம்.

"பிழையாச் சொல்லிப் போட்டாங்க. குறை நினைக்காதீங்க. மௌத்தானது எங்கட காக்கா."

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? "அல்ஹம்துலில்லாஹ்" என்று அல்லாஹ்வுக்குச் சத்தமாக நன்றி சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். அடக்க முடியாமல் சிரித்தேன். அந்த மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்றைக்கு நான் ஜனாஸா அடக்கத்துக்கும் போகவில்லை.

நாலாம் நாள் மத்தியானம், லுஹர் பாங்கு சொல்ல ஒலிபெருக்கியைத் தட்டினார்கள். என் நெஞ்சு படபடவென்று அடித்தது. இடது கை மரத்தது. "புள்ள, நான் போறன்" என்று கதீசாவிடம் சொல்லிவிட்டுச் சுவரோடு சரிந்தேன். கால் மணித்தியாலத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. பின்னேரம் அஸர் பாங்குக்குத் திரும்பவும் வந்தது.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படித்தான் சீவித்தேன். நாட்டு மருந்து கொடுக்கும் பரிசாரி வாய்வு என்றார். பள்ளிவாசல் லெப்பை தண்ணீர் ஓதித் தந்தார், கையில் இசிம் எழுதின தாயத்துக் கட்டினார். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குக் கம்பி பூட்டிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். ஒன்றும் இல்லாதவன் ஏன் சாகிறேன்? உடம்பு வற்றியது. சோறு இறங்கவில்லை. காரணமில்லாமல் அழுகை வந்தது. ஆம்பிளை அழுவதைப் பிள்ளைகள் காணக்கூடாதென்று கிணற்றடியில் தண்ணீர் அள்ளி அள்ளி முகத்தில் ஊற்றினேன். வயலைக் குத்தகைக்குக் கொடுத்தேன். ஊருக்குள் 'மௌத்தாகி வந்தவர்' என்று எனக்குப் பட்டப்பெயரும் விழுந்துவிட்டது.

அதையெல்லாம் தாங்கலாம். ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை. பாங்குச் சத்தம் எனக்குப் பயமாகிவிட்டது. சிறு வயதிலிருந்து வெள்ளிக்கிழமை ஜும்ஆ தவறாதவன் நான். இப்போது பள்ளிவாசல் தெருவையே சுற்றிப் போனேன். அல்லாஹ் மீதான ஈமானும் போய்விட்டதோ என்று நினைத்தபோது, சாவது அதைவிட லேசாகத் தெரிந்தது.

ஒரு நாள் லுஹரைத் தனியாக, குத்தகைக்குக் கொடுத்த வயலின் காவல் வாடியில் தொழுதேன். நெற்றி நிலத்தில் பட சுஜூதில் கிடந்து அழுதேன். தெரிந்த துஆவெல்லாம் மறந்துபோனது. வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"யா அல்லாஹ், உன்ட பாங்குக்கே பயப்படுற அடிமையா ஆகிட்டன். நான் மௌத்தாகத்தான் வேணுமெண்டா எடுத்துக்க. இல்லாட்டி என்ட வருத்தத்த ஒரு ஆளுக்காவது விளங்க வெய்."

அந்தக் கிழமையே கதீசா என்னை இழுத்துக்கொண்டு புதிதாக வந்த டொக்டரிடம் போனாள். தெற்கிலிருந்து மாற்றமாகி வந்த இளம் சிங்கள மனிதர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கதைப்பார்.

"எனக்கு ஒரு வருசத்துக்கு மேல வருத்தம், டொக்டர்," என்றேன்.

எங்கள் பக்கத்தில் வருத்தம் என்றால் நோய். காய்ச்சலும் வருத்தம்தான், வயிற்றுவலியும் வருத்தம்தான். அவருடைய புத்தகத்தில் வருத்தம் என்றால் கவலை என்று மட்டும் இருந்திருக்கிறது. நெஞ்சில் வைக்க எடுத்த குழாயை மேசையில் வைத்துவிட்டார். கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"ஒரு வருடம் வருத்தமா? நீங்கள் எதற்காக வருத்தப்படுகிறீர்கள்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனை பேரிடம் போயிருக்கிறேன். எங்கே வலி, எப்போது வலி என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். இப்படி ஒருவரும் கேட்கவில்லை. "அது இல்ல டொக்டர்" என்று திருத்தத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நான் சிரிச்சிட்டன் டொக்டர். அவங்கட ஊட்டுல மௌத்து. நான் சிரிச்சிட்டன்."

குழந்தைப்பிள்ளை போல அழுதேன். கதீசா பயந்துபோனாள். அன்றைக்கு மௌத்தானவரின் தம்பி பார்த்த பார்வையை ஒரு வருடமாக நான் நெஞ்சுக்குள் வைத்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. டொக்டர் முழுவதையும் கேட்டார். நெஞ்சையும் சோதித்தார். பயமும் ஒரு நோய்தான், அதற்கும் மருந்து இருக்கிறது என்று குளிசை எழுதினார். பிறகு சொல் தேடித் தேடிச் சொன்னார்.

"அந்த வீட்டுக்கு நீங்கள் போக வேண்டும்."

போனேன். மௌத்தானவரின் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றார். தம்பியார் முன்னால் இருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"நீங்க சிரிச்சத்த இவர் அண்டைக்கே சொன்னாரு காக்கா. எங்கட மையித்தும் எழும்பி ஊட்டுக்கு வந்திருந்தா நாங்களும் சிரிச்சிருப்பம்தானே."

தம்பியார் எழும்பி என் கையைப் பிடித்தார். அஸர் பாங்கு சொன்னது அப்போதுதான். நெஞ்சு அடித்தது. ஆனால் அவர் கையை விடவில்லை. இரண்டு பேரும் பள்ளிவாசலுக்கு நடந்தோம்.

ஒரே நாளில் சுகமானேன் என்று சொன்னால் பொய். குளிசையை எட்டு மாதம் குடித்தேன். வருத்தம் நாலு தரம் திரும்பி வந்தது. ஒவ்வொரு தரமும் கதீசாவிடம் மறைக்காமல் சொன்னேன். அல்லாஹ் மெல்ல மெல்ல என்னை எடுத்து நிறுத்தினான். அடுத்த பெரும்போகத்தில் குத்தகையை முடித்து வயலில் இறங்கினேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது சொல்லத் தெரியாத வருத்தம் இருந்தால், வெட்கப்படாமல் அல்லாஹ்விடம் கேளுங்கள். வாய்க்கு வந்த மொழியில் கேளுங்கள். டொக்டரிடமும் போங்கள். ஒலிபெருக்கியில் வந்த ஒரு பிழை என்னை விழுத்தியது. ஒரு மனிதர் தமிழில் விட்ட பிழையால் அவன் என்னைத் தூக்கினான். அந்த டொக்டர் சரியான தமிழ் தெரிந்தவராக இருந்திருந்தால் நான் இன்றைக்கு என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் திடுக்கிடுகிறது.

மோதினாருக்கு வயதாகிவிட்டதால், இப்போது எங்கள் பள்ளிவாசலில் மௌத்துச் செய்தி சொல்வது நான்தான். பெயர், வாப்பாவின் பெயர், எந்த வீட்டில் கல்யாணம் முடித்தவர், எல்லாவற்றையும் நிதானமாக இரண்டு தரம் சொல்வேன். ஒலிபெருக்கியை மட்டும் விரலால் தட்டிப் பார்ப்பதில்லை. ஊரில் எந்த வீட்டில் யார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாரோ.