சின்னவளின் டிஸ்க்

எங்கள் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது, "சின்னக்கா இல்லையா?" என்றுதான். சின்னக்கா என்றால் என் ஓரகத்தி, கொழுந்தனாரைக் கட்டிக்கொண்டு வந்தவள். அவள் வருவதற்கு முன்பே மாமனாரின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்தவள் நான். கண்ணெதிரே குத்துக்கல் மாதிரி இருக்கிறேன், என்னைத் தாண்டி எட்டிப் பார்க்கிறார்கள்!

அவளிடம் அப்படி என்ன அதிசயம்? கழற்றிய ஸ்க்ரூக்களைக் காந்தத்தில் ஒட்டி வைப்பாள், ஒன்றுகூடத் தொலையாது. செத்த மெஷினை "எந்திரிடா தங்கம்" என்று கொஞ்சுவாள். அதுவும் எழுந்து தொலைக்கும். மாமனார் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார், போகட்டும். என் வீட்டுக்காரரே ஒருநாள், "சின்னதுக்கு ராசியான கை" என்றார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு போட்டதே பெரிது.

போன வாரம் பள்ளிக்கூட ஆபீஸ் மேடம் விண்டோஸ் படுத்துவிட்ட ஒரு கம்ப்யூட்டரோடு வந்தார். "இது சரியா அமைஞ்சா ஸ்கூல் மெஷின் எல்லாம் உங்களுக்குத்தான். ஆனா ஒரே ஆள்தான் வந்து பாத்துக்கணும்" என்றார். சின்னவள் வாயைத் திறப்பதற்குள், "நான் பண்றேன்" என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

பழைய ஃபைல்களை எடுத்து வைக்கக் காலி டிஸ்க் ஒன்றுமில்லை. வேறு வழியில்லாமல் சின்னவளின் டிஸ்க்கை மாட்டினேன். அதைக் கழற்றாமலே மேடத்தின் டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றினேன். ஜம்மென்று ஓடியது. ஃபைல்களைத் திரும்பப் போட்டேன், அவள் டிஸ்க்கைக் கழற்றி அவள் மேசையில் டொக்கென்று வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். இன்னொரு தடவை ஆன் செய்து பார்க்க எனக்குப் பொறுமை ஏது?

மேடத்தின் முன்னால் ஆன் செய்தேன். கறுப்புத் திரை. என்ன தட்டியும் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவளுக்குத்தான் போன் போட்டேன்.

விஷயத்தைக் கேட்டதும் மேசையில் கிடந்த தன் டிஸ்க்கோடு ஓடி வந்தவள் என் காதோரம் கேட்டாள்: "அக்கா, ஏத்தும்போது இது மாட்டியே இருந்துச்சா?"

"ம்."

அதை மாட்டியதும் மெஷின் எழுந்தது. விஷயம் இவ்வளவுதான். ஆன் செய்ததும் விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்வது பூட் ரெக்கார்ட். அது போயும் போயும் அவள் டிஸ்க்கில் எழுதப்பட்டிருந்தது. நான் பாடுபட்டுச் செய்த மெஷின், அவள் துணையில்லாமல் எழுந்திருக்காதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூட் ரெக்கார்டைச் சரியான டிஸ்க்கில் எழுதி, தன்னுடையதைக் கழற்றிவிட்டு, மறுபடி ஆன் செய்து காட்டினாள். மேடம் பேனாவைத் திறந்தார். "உங்க நம்பர் குடுங்கம்மா. இனிமே நீங்களே வாங்க."

"ஐயோ மேடம், எல்லாம் அக்கா பண்ண வேலை. நான் டிஸ்க்கை எடுத்துட்டு வந்தேன், அவ்வளவுதான். அக்கா நம்பரையே எழுதிக்கங்க" என்றவள், போனைப் பார்க்காமல் என் நம்பரைக் கடகடவென்று சொன்னாள்.

அவள் நம்பர் எனக்கு மனப்பாடமில்லை. பள்ளிக்கூட வேலை எனக்குத்தான் வந்தது. வாய்விட்டுத் திட்டக்கூட ஒரு வழி வைக்காமல் செய்துவிட்டாள், பாவி.