உப்பு பார்க்காத காளான் வறுவல்

"ரெண்டும் இல்லன்னா, அப்போ பள்ளிக்கூடத்துல இன்னாத்ததான் படிச்ச?"

பக்கத்து வீட்டு சாந்தி அக்கா ஒருமுறை என்னைக் கேட்டது. காளான் காயா, கறியா என்பதுதான் விவகாரம். இன்று கரையான்சாவடியில் வாங்கிய காளான் டப்பாவின் பிளாஸ்டிக்கைக் கிழித்ததும் ஈரமண் வாசனை வந்தது; கூடவே அந்தக் கேள்வியும்.

அப்போது அண்ணனூரில் ரயில் சத்தம் கேட்கிற ஒற்றை அறையில் இருந்தோம். நான் பிளஸ் டூ. எங்கள் குடும்பத்தில் படிக்கத் தெரிந்த முதல் ஆள் என்பதால், சமையல் கேஸ் புத்தகம் முதல் மாத்திரை அட்டை வரை என் கைக்குத்தான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சம் என்ன, நிறையவே.

அம்மா முகப்பேர் ஃபிளாட்டுகளில் சமையல் வேலை செய்தாள். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டும், அதற்காகப் புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொடமாட்டேன் என்று பெருமாளுக்கு வேண்டியிருந்தாள். அந்த மாதத்தில்தான் ஒரு வீட்டில் காளான் மிளகு வறுவல் செய்யச் சொன்னார்கள். அவள் அதுவரை காளானைத் தொட்டதே இல்லை. கறிக்குப் போடுகிற சோம்பு, மிளகு, சின்ன வெங்காயத்தையே போட்டு வதக்கி, பழக்கதோஷத்தில் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்பும் பார்த்துவிட்டாள்.

"ஆட்டுக்கறி மாறியே கீது பாப்பா," என்றாள் வீட்டுக்கு வந்ததும். "அது காயா, கறியா? பாத்துச் சொல்லு."

காய் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நானோ உயிரியல் புத்தகத்தை விரித்து, டீச்சர் சொன்னதையும் சேர்த்து, "செடியும் இல்ல, மிருகமும் இல்லமா. ஆனா செடியவிட மிருகத்துக்குத்தான் கிட்ட," என்றேன். அப்போதுதான் சாந்தி அக்கா அப்படிக் கேட்டார்.

அம்மா சிரிக்கவில்லை. "கிட்டன்னா எம்மாங்கிட்ட?"

எனக்குத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா உப்பு பார்ப்பதை நிறுத்திவிட்டாள். வேண்டுதல் கெட்டுப்போனதோ என்று தனக்குத்தானே போட்டுக்கொண்ட தண்டனை. சீட்டு கிடைக்கிற வரைக்கும் என்றாள். கிடைத்தது, ஆனால் நான் கேட்ட பாடம் இல்லை. அது காளானாலா, என் மார்க்காலா? அதுவும் தெரியவில்லை. "படிச்சி முடிக்கட்டும்," என்றாள். பிறகு, "வேலைக்குப் போவட்டும்." வேலைக்குப் போய் மூன்று வருஷமாகிறது.

சாம்பாரை வாசனையிலேயே சமாளித்தாள். காளான்தான் காட்டிக்கொடுத்தது. சட்டி நிறையக் கிடப்பது, தண்ணீர் விட்டுச் சுருங்கிக் கையளவு ஆகிவிடும். ருசி பார்க்காமல் போட்ட உப்பு அப்படியே கரிக்கும். அந்த முகப்பேர் வீட்டில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். நான் சொன்னது சரிதான். சரியாகச் சொன்ன ஒன்று இவ்வளவு தூரம் போகுமா என்பதுதான் எனக்குக் குழப்பம்.

அண்ணனூர் அறையை இடித்துவிட்டார்கள். சாந்தி அக்கா எங்கே இருக்கிறாரோ. அதெல்லாம் பரவாயில்லை. உப்பு பார்க்கும்போது அம்மா ஒரு கண்ணை மட்டும் மூடுவாள், அதைத்தான் காணோம்.

இன்று காளான் தண்ணீர் விட ஆரம்பித்ததும், கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதிக்கொண்டே டிவி முன்னால் இருந்தவளிடம் போனேன்.

"கைய நீட்டுமா."

"இன்னாத்துக்கு?"

"உப்பு எவ்ளோ போடணும்னு எனக்குத் தெரில."

அவள் யோசித்தாள். நான் காத்திருக்கவில்லை. கையைப் பிடித்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுவிட்டேன்.