ஃபயர்வாலும் ஃபயர் ஆடிட்டும்

எங்கள் பனியன் கம்பெனி ஆபீஸில் லினக்ஸ் போட்ட புதிதில், பக்கத்து அறையில் இருந்த நெட்வொர்க் பிரிண்டர் என் கம்ப்யூட்டரின் கண்ணில் படவே இல்லை. கேபிளை மாற்றினேன், பிரிண்டரைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஃபயர்வால் என்ற பாதுகாப்புச் சுவர் வழிமறித்துக்கொண்டிருந்தது.

"ஃபயர்வாலை ஆஃப் பண்ணோணுங்க" என்றேன் முதலாளியிடம்.

அவர் முகம் வெளிறியது. "ஏனுங்க, நாளைக்கு நம்ம பனியன் வாங்கற பையர் கம்பெனி ஆளுக தீ பாதுகாப்பு ஆடிட்டுக்கு வர்றாங்க. ஃபயர்னு பேர் இருக்கற எதையும் தொட்டுப்போடாதீங்க."

அது நெட்வொர்க் சமாசாரம் என்று விளக்கித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஃபயர்வாலில் பிரிண்டருக்கான போர்ட் என்னும் வாசலை மட்டும் திறந்துவிட்டேன். உடனே பிரிண்டர் தெரிந்தது.

"ஆஃப் பண்ணலீங்க, செவுத்துல ஒரு வழி மட்டும் உட்டிருக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை என் மானிட்டரின் மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: "அவசர வழி."