கனகா கேட்கும் முதல் கேள்வி

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் கனகா, எந்த வண்டி வந்து நின்றாலும் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: கடைசியாக இதில் யார் கை வைத்தது? எல்லோரும் பொய்தான் சொல்வார்களாம். நானும் சொன்னேன். சொல்லும்போது அது பொய் என்று எனக்கே தெரியாது, அதுதான் கொடுமை.

என் பெயர் ராஜ்மோகன். செராமிக் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு சூளை. பொம்மை செய்கிறோம், இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் இவற்றில் கரண்ட் பாயாமல் தடுக்கிற பீங்கான் வாஷரும் செய்கிறோம். பொம்மைகளை ஊர் ஊராகக் கண்காட்சிக்குக் கொண்டுபோக ஒரு பழைய வேன். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஓடித் தேய்ந்ததை வாங்கி, சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர் டிரம், ஃபேன் எல்லாம் வைத்தேன். வருஷத்தில் நாலைந்து மாதம் எனக்கும் என் மனைவி பூங்கோதைக்கும் அதுதான் வீடு.

கார்த்திகை மழையில் ஹெட்லைட் மங்க ஆரம்பித்தது. இரண்டும் அகல் விளக்காட்டம் எரியும். இண்டிகேட்டர் போட்டால் அதோடு சேர்ந்து கண் சிமிட்டும். பல்பு மாற்றினேன், சுவிட்ச் மாற்றினேன், ரிலே மாற்றினேன். மூன்று மெக்கானிக்குகளைத் திட்டித் தீர்த்தேன். திட்ட வேறு ஆள் கிடைக்காமல் கடைசியில் பூங்கோதையைப் பிடித்துக்கொண்டேன். வேனில் படிகிற களிமண்ணை அவள்தான் ஹோஸ் பிடித்துக் கழுவுவாள். "தண்ணியப் பீச்சிப் பீச்சி வயரக் கெடுத்துட்ட. உன் கை பட்டா எதுதான் உருப்படும்?" என்று சூளை ஆட்கள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். எனக்கு வாய் நீளம். அவள் ஹோஸைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள். இனி அந்த வேனில் ஏறமாட்டேன் என்று சாயங்காலம் சொன்னாள்.

நாலு மாதம் ஏறவில்லை. சேலத்துக்கும் கும்பகோணத்துக்கும் வெளிச்சம் இருக்கும்போதே ஓட்டிப் போய்த் தனியாகக் கடை போட்டேன். வாங்க வருகிறவர்களிடம் பேசுவது அவள் வேலை. நான் பேசினால் சண்டையில்தான் முடியும். அதைவிட, அந்தக் கட்டிலில் தனியாகப் படுத்தால் தூக்கம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை கோயம்புத்தூர். அவள் இல்லாமல் போக எனக்குத் தெம்பில்லை. லைட் சரியானால் அவள் மனசும் இறங்கும் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு கனகாவிடம் வந்தேன்.

அது கனகாவின் கணவர் தங்கதுரை ஆரம்பித்த கடை. அவர் குவைத்துக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவருக்கு டெஸ்ட் லேம்ப் பிடித்துக் கூட நின்று கனகா தொழில் கற்றுக்கொண்டார். கல்யாணத்துக்கு முன் ஒரு பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கேரியரில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கிற வேலை. கோளாறு இன்னதென்று தெரியாமல் ஒரு திருகாணியைக்கூட மாற்ற மாட்டார். ஞாயிற்றுக்கிழமை யார் வண்டி நடுரோட்டில் நின்றாலும் சரி, சர்ச் விட்டு வந்துதான் போனை எடுப்பார். தங்கதுரை இருந்தால் தேவலை என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வண்டியை நிறுத்தினேன்.

கேள்வி வந்தது. மெக்கானிக்குகளைச் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் என் பெண்டாட்டிதான், ஹோஸ் வைத்துக் கழுவினாள் என்றேன்.

"கழுவுறது கை வைக்கிறதாண்ணே? மெக்கானிக்குக்கு முன்ன தொறந்தது யாருங்க?"

யாருமில்லை என்று அடித்துச் சொன்னேன்.

கனகா ஒரு நீள வயரை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை ஹெட்லைட்டின் எர்த்து முனையிலும் வைத்தார். எதிர்ச் சுவர் பளீரென்று ஆனது. கரண்ட் நன்றாகத்தான் வருகிறது, திரும்பிப் போகத்தான் வழியில்லை என்றார். இரண்டு லைட்டின் எர்த்து வயரும் வண்டியின் இரும்பு பாடியோடு சேர்கிற போல்ட் முன்பக்க கிரில்லுக்குப் பின்னால் இருந்தது. கழற்றினார். துருத்தூள் கொட்டியது. அதோடு வெள்ளையாக ஒன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

பீங்கான் வாஷர். ஓரத்தில் பச்சைக் கோடு. எங்கள் சூளைச் சரக்கு.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் கிரில்லுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது இரும்பு வாஷர் துருவில் பொடிந்துவிட்டது. இரும்புதானே துருப்பிடிக்கும், பீங்கான் காலத்துக்கும் கிடக்கும் என்று பெருமையாக நானே ஒன்றை மாட்டினேன். போல்ட்டின் மரை வழியாக எப்படியோ கரண்ட் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மழையில் மரையும் துருவேறியதும் அந்த வழியும் அடைத்துக்கொண்டது. கரண்ட்டைத் தடுக்கவென்றே அந்த வாஷரைச் செய்து விற்கிறவன் நான். ஒரு சூளைக்காரனைத் தவிர வேறு எந்த மடையனும் இதைச் செய்திருக்க மாட்டான்.

கனகா துருவைத் தேய்த்து எடுத்து, இரும்பு வாஷரும் புது போல்ட்டும் போட்டு முறுக்கினார். லைட் ஜோராக எரிந்தது. நான் பீங்கான் வாஷரை வாங்கிச் சட்டைப் பைக்குள் தள்ளினேன். போகிற வழியில் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? வயர் கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம். கனகா துணியில் கை துடைத்தபடி என் பையையே பார்த்தார்.

"லைட்டு எரிஞ்சிடுச்சிங்கண்ணே. நான் கேட்டதுக்குத்தான் நீங்க இன்னும் பதில் சொல்லல. எங்கிட்ட வேணாம். வூட்டுல போயிச் சொல்லுங்க."

சுள்ளென்று கோபம் வந்தது. வண்டியைக் கிளப்பிவிட்டேன். ஆற்றுப் பாலத்தில் வேகத்தைக் குறைத்தேன், ஆனால் நிறுத்தவில்லை.

பூங்கோதை சூளையில் பொம்மைக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். வாஷரை அவள் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் பச்சக் கோடு நான் போட்டது. பாருங்க, இதுலயும் எங் கைதான் பட்டிருக்குது."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

எழுந்து போய் ஆணியில் கிடந்த ஹோஸை எடுத்தாள். லைட்டைப் போடச் சொன்னாள். சூளை ஆட்கள் எல்லோரும் பார்க்க, ஹெட்லைட் மேலேயே தண்ணீரைப் பீச்சினாள், கிரில்லுக்குள்ளும் பீச்சினாள். தொட்டி காலியாகும்வரை விடவில்லை. இரண்டு லைட்டும் அசையாமல் எரிந்தன.

"இப்ப சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"நான்தான் கெடுத்தேன். நாலு மாசமா உம்மேல பழியப் போட்டுட்டேன்" என்றேன்.

அவள் ஹோஸைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை பொம்மைப் பெட்டிகளை ஏற்ற வேனின் பின்கதவைத் திறந்தேன். கட்டிலின் மேல் அவளுடைய பை இருந்தது. பக்கத்தில் அந்த ஹோஸும் இருந்தது.