முழுக்குக்கு இறங்காத ஸ்டெல்லாமேரி

ஸ்டெல்லாமேரி பிறந்தது ஓட்டப்பிடாரத்துப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பத்தில். நாகலாபுரத்துக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரில் ஜேம்ஸ்ராஜுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர்கள் சீர்திருத்த சபை. மாதாவைக் கும்பிடுவது ஆதித் திருச்சபையில் இல்லாத வழக்கம் என்று சொல்லி, ஐயர் என்று எல்லாரும் அழைக்கும் அந்த ஊர்ப் போதகர் அவளைத் தன் சபையில் சேர்த்துக்கொண்டார். அவள் பிறந்த ஊர்ப் பங்குச் சாமியாருக்கோ மனத்தாங்கல். "தலைச்சீடர் ராயப்பர் கையில ஆண்டவர் மோட்சத்துச் சாவியக் கொடுத்த சபை இது ஒண்ணுதாம்மா. இதையா விட்டுட்டுப் போற?" என்றார். அவள் இரண்டு பேருக்கும் தலையாட்டினாள். ஜெபமாலையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் புருஷன் வீடு வந்தாள்.

அந்த ஊர்க் கோயிலின் பாட்டுகள் நாவுக்குப் பழகக் கொஞ்ச காலம் ஆயிற்று. பழகிய பிறகு பருத்தி எடுக்கும்போதும் அவற்றைத்தான் முணுமுணுத்தாள்.

மகன் டெல்வின் பள்ளிக்கூடம் முடிக்கும் சமயத்தில் சபை உடைந்தது. கமிட்டியில் யார் இருப்பது என்று தொடங்கிய சண்டை வேதத்தில் வந்து நின்றது. பிரிந்து போனவர்கள் ஊருக்கு மேற்கே தகரக் கொட்டகை போட்டு அதைத்தான் ஆதிசபை என்றார்கள். தலையில் தண்ணீர் தெளிப்பது மனுஷன் சேர்த்தது, யோர்தான் ஆற்றில் இயேசுவுக்கு நடந்ததுபோல முழுகி எழுந்தால்தான் ஞானஸ்நானம் என்றார் அவர்களுடைய பாஸ்டர். "அப்போஸ்தலர் காலத்துல இருந்து தலையில கைவச்சுக் கைவச்சுப் பட்டம் கொடுத்து வந்த ஊழியம் எங்களுது. அவியளுக்கு யாரு கைவச்சா?" என்று கேட்டார் பழைய கோயில் ஐயர்.

ஜேம்ஸ்ராஜ் கொட்டகைப் பக்கம் போனார். டெல்வினும் கூடப் போனான். ஐப்பசி மழையில் நிறைந்த கண்மாயில் அப்பனும் மகனும் வெள்ளை உடுத்தி முழுகினார்கள். ஸ்டெல்லாமேரி துண்டோடு கரையில் நின்றாள்.

"நீயும் இறங்கு ஸ்டெல்லா. ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு சபை ஆகாது."

"எங்கம்மா மடியில கெடந்தப்ப ஊத்துன தண்ணி பொய்யின்னா, இம்புட்டு நாளும் நான் யார்ட்டங்க ஜெபம் பண்ணுனேன்?"

ஜேம்ஸ்ராஜ் துண்டை வாங்கி மகனுக்குத் தலை துவட்டினார்.

அதன்பிறகு சாப்பாட்டுக்கு முன் அப்பனும் மகனும் கூடத்தில் ஜெபிப்பார்கள். அவள் அடுப்படியில் தனியாகக் கண்ணை மூடுவாள். பழைய கோயிலிலும் நிம்மதி இல்லை. புருஷன் அந்தப் பக்கம் என்பதால், அவள் வந்து உட்கார்ந்ததும் பெண்கள் பேச்சை மாற்றினார்கள். பிறந்த ஊரில் அம்மா இறந்தபோது அடக்கப் பூசைக்குப் போயிருந்தாள். சபை மாறிப் போனவளுக்கு அங்கே நற்கருணை கிடையாது; எல்லாரும் எழுந்து வாங்கப் போக, அந்த நீளப் பெஞ்சில் அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

டெல்வின் கல்யாணம் கோவில்பட்டி மண்டபத்தில் நடந்தது. முழுக்கு எடுத்தவர்கள் மட்டும் மேடையேறி ஆசீர்வதிக்கலாம் என்றார் பாஸ்டர். ஜேம்ஸ்ராஜ் ஏறினார். டெல்வின் ஒருமுறை அம்மா இருந்த பக்கம் பார்த்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான். ஆட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிவிட்டு, பந்திக்கு உட்காராமல் ஸ்டெல்லாமேரி பஸ் ஏறினாள். வழியெல்லாம் உளுந்துக் காடு வெயிலில் கிடந்தது.

சில வருஷத்தில் கொட்டகைச் சபையும் உடைந்தது. பாஸ்டரும் அவர் மச்சினனும் ஆளுக்கொரு பக்கம் நின்று, நாங்கள்தான் ஆதிசபை என்றார்கள். இரண்டு பேரும் ஜேம்ஸ்ராஜைக் கூப்பிட்டார்கள். அவர் எங்கும் போகவில்லை. டெல்வின் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாமேரி கோயிலுக்குப் போகும் சேலையை உடுத்திக்கொண்டு ஜேம்ஸ்ராஜிடம் வந்து நின்றாள்.

"வாரீயளா?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்கன வர? நீ போ."

போனாள். பழைய கோயிலில் ஏழெட்டுப் பேர்தான். பாட்டை எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல் ஐயர் இங்கும் அங்கும் பார்த்தார். ஸ்டெல்லாமேரிதான் எடுத்தாள்.

திரும்பி வந்தபோது ஜேம்ஸ்ராஜ் உலை வைத்துச் சோறு வடித்திருந்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் ஜெபம் பண்ணுவார் என்று சற்று நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். அவர் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். அவள் மனசுக்குள்ளேயே சொல்லி முடித்துவிட்டு, அவருக்குக் குழம்பு ஊற்றினாள்.