நீர்நிலை என்று காட்டிய வயல்

தஞ்சாவூர்க் கல்லூரி வகுப்பில் முதன்முதலாகச் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து காட்டியபோது எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்தோம். அவரவர் வீட்டைத் தேடினோம். மேடம் முன்னால் நின்று நில அளவை, நிலப்பயன்பாடு, நீர்வள மேலாண்மை என்று பாடத்திட்டத்தை விளக்கிக்கொண்டிருக்க, பின்வரிசையில் 'அதோ எங்க தெரு' என்று ஒரே கூச்சல். நான் வீட்டைத் தேடவில்லை. எங்கள் ஓட்டு வீடு அந்தப் படத்தில் ஒரு புள்ளிக்குக்கூடத் தேறாது. முத்துப்பேட்டைப் பக்கம் போய், ஆறு வளைகிற இடத்தைப் பிடித்து, அங்கிருந்து வாய்க்காலோடு நகர்ந்து எங்கள் வயலைக் கண்டுபிடித்தேன். பச்சையாக இருந்தது. யாருக்கும் காட்டாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வயல் என்பது பேச்சுக்குத்தான். பட்டா வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் பெயரில் இருந்தது. அப்பா குத்தகைக்குச் செய்தார். தாத்தா அதே வயலில் கூலிக்கு இறங்கியவர். அதனால் குத்தகை என்பதே எங்கள் வீட்டில் பெரிய வார்த்தை. 'நம்ம வயல்' என்று அப்பா சொல்லும்போது குரல் ஒரு பிடி உயரும். அந்தக் குரலுக்காகவே நானும் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டேன்.

கடைசி வருடம் புராஜெக்ட்டுக்கு டெல்டாவின் தென்பகுதியை எனக்கும் என் தோழிக்கும் கொடுத்தார்கள். அவள் பூதலூர்க்காரி. ஆற்றுத் தண்ணீர் முதலில் எட்டிப் பார்க்கிற ஊர் என்ற திமிர் அவளுக்கு உண்டு. "உங்க ஊருக்குத் தண்ணி வந்து சேர்றதுக்குள்ள எங்க ஊர்ல அறுப்பே முடிஞ்சிடும்டி" என்பாள். நானும் சும்மா விடமாட்டேன். ஆனால் அவள் சொன்னது பெரும்பாலும் உண்மைதான் என்பதால் என் பதிலில் உப்பு சப்பு இருக்காது.

எங்கள் வேலை இதுதான். படத்தில் இருக்கிற ஒவ்வொரு துண்டு நிலமும் நெல்லா, தோப்பா, ஊரா, நீர்நிலையா என்று சாஃப்ட்வேர் பிரித்துக் கொடுக்கும். அது பிரித்தது சரியா என்று நாங்கள் பார்க்க வேண்டும். ஐப்பசி மாதப் படம். மேகமில்லாமல் ஒரு படம் கிடைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. கிடைத்த படத்தைப் பிரித்தால் பாதி தாலுகா நீலமாக வந்து நிற்கிறது. சாஃப்ட்வேரின் கணக்குப்படி எங்கள் ஊரே ஏரிக்குள் மூழ்கிக் கிடந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. நடவு முடிந்த வயலில் தண்ணீர் கட்டியிருக்கும், நாற்று இன்னும் தலை எடுத்திருக்காது, மேலிருந்து பார்த்தால் குளம் மாதிரிதான் தெரியும். டெல்டாவில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரமாக இருந்தால் நெல். அவ்வளவுதான். நான் உட்கார்ந்து நீலத்தையெல்லாம் கையாலேயே நெல் என்று மாற்றினேன். அதில் எங்கள் வயலும் இருந்தது. அக்கம்பக்கத்து வயல்களைவிடக் கொஞ்சம் கறுத்த நீலம். அப்பா தண்ணீரை நன்றாகக் கட்டியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பெருமைகூடப் பட்டேன்.

மேடம் பார்த்துவிட்டு, "நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா கையால மாத்தின இடத்துக்கெல்லாம் நேர்ல போய்ப் பாக்கணும். லேப்ல உக்காந்து வயல் பாக்கக் கூடாது" என்றார். போய்ப் பார்க்க வேண்டிய இடங்களைக் கம்ப்யூட்டர் தன் போக்கில் படத்தின் மேல் தூவியது. ஒன்று நேராக எங்கள் வயலில் விழுந்தது. தோழியிடம், "எங்க வயலையே பாக்கப் போறோம், வா, அம்மா கையால மீன்கொழம்பு" என்று சொல்லித் துள்ளினேன்.

மாசியில் போனோம். வீட்டுக்குச் சொல்லாமல் போனேன். திடீரென்று நின்று அப்பாவை அசத்த வேண்டும் என்று ஆசை. பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் ஜிபிஎஸ் கருவியோடு வாய்க்கால் கரையில் நடந்தோம். அறுப்பு முடிந்த வயல்களில் உளுந்து அங்கங்கே முளைத்து நின்றது. மேலும் தெற்கே போகப் போக அதுவும் இல்லை. அந்தப் பக்கம் நான் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. விடுமுறைக்கு வந்தால் சாப்பிடுவதும் தூங்குவதும்தான் என் வேலை. அப்பா 'வயலுக்குப் போறேன்' என்று கிளம்பினால் சரி என்று புரண்டு படுத்துக்கொள்வேன்.

முதலில் சத்தம்தான் கேட்டது. தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கிற மோட்டார் சத்தம். கருவி இதுதான் இடம் என்று காட்டிய இடத்தில் ஆள் உயரத்துக்குக் கரை எழும்பியிருந்தது. ஏறிப் பார்த்தோம். இரண்டு இறால் குளங்கள். ஒன்றில் தண்ணீர் நிறைந்து, இறாலுக்குக் காற்றூட்டுகிற ஏரேட்டர் சுழன்றுகொண்டிருந்தது. இன்னொன்றை வற்றவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். குளத்துக்குக் கூரையாகக் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது, பறவைகள் இறங்காமல் இருக்க.

என் கருவி தப்பாகக் காட்டுகிறது என்றுதான் நினைத்தேன். அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே இடம். சாஃப்ட்வேர் சொன்னது சரி. நான் மாற்றியதுதான் தப்பு.

எதிர்க்கரையில் ஒரு கீற்றுக்கொட்டகை. அதிலிருந்து காவல்காரர் எழுந்து வந்தார். தலையில் துண்டு, கையில் பறவை விரட்டுகிற தகரம். பாதி தூரம் வருவதற்குள் எனக்கு நடை தெரிந்துவிட்டது. அவருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது, நின்றார். பிறகு வேறு வழியில்லாமல் வந்தார்.

என் தோழி அப்பாவைப் பார்த்ததில்லை. அவள் பாட்டுக்குப் பேனாவை எடுத்துக்கொண்டு, "ஐயா, வணக்கங்க. காலேஜ்லேர்ந்து வர்றோம். இது முன்னாடி என்ன நிலமா இருந்துச்சுங்க?" என்றாள்.

"நெல்லுதாம்மா."

"யாரு பயிர் பண்ணாங்க?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. என் புது ஷூவைப் பார்த்தார், தோழியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். "யாரோ ஒருத்தரு பண்ணிக்கிட்டு இருந்தாரும்மா. விட்டுட்டுப் போயிட்டாரு" என்றார்.

"எங்க அப்பாடி" என்றேன். தோழி பேனாவை மூடினாள். "வணக்கம்பா" என்று இன்னொரு முறை சொன்னாள், இந்த முறை கையைக் கூப்பி. அப்பாவும் பதிலுக்குக் கும்பிட்டார். தகரம் கையில் இருந்ததால் அது சரியாக வரவில்லை. அவள் நல்லவள்; ஜிபிஎஸ் புள்ளி எடுப்பது போல எங்கோ தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தால் கண்ணீரும் கூடவே வந்து மானத்தை வாங்கும். "எத்தன நாளா? ஏன்பா சொல்லல? அம்மாவும் சேந்து மறைச்சிருக்கு! பொங்கலுக்கு வச்சது எந்த அரிசி?"

"கடையில வாங்குனது." அப்பா கரையில் குந்தினார். "மூணு போகமாப் பதருதான் வந்துச்சு பாப்பா. உப்பு ஏறிப் போச்சு. நானாத்தான் முடியலன்னு சொன்னேன். பட்டாக்காரரு எறாலுக்கு விட்டுட்டாரு. உங்கிட்ட எப்படிச் சொல்றது? சாப்பிட உக்காந்தா எறாப் பண்ணையால நெலம் போச்சு, தண்ணி போச்சுன்னு பேசிக்கிட்டு இருப்ப. நான் தட்டப் பாத்துக்கிட்டுச் சாப்பிடுவேன்."

நான் பேசியது உண்மைதான். பாடத்தில் படித்ததை வீட்டில் ஒப்பித்தால் அம்மா கண் விரியக் கேட்பார். அம்மா வியந்து அல்ல, பயந்துதான் கண் விரித்தார் என்பது இப்போதுதான் புரிந்தது.

"அதுக்காக இங்கயே காவலுக்கு வரணுமா? வேற வேலையே இல்லியா?"

"இருக்கு. ஆனா எறாலு நாலஞ்சு வருசம்தான், அப்புறம் நோவு வந்து விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு சொல்றாங்க. விட்டா நெலம் மறுபடி உனக்குத்தான்னு அவரு போன்ல சொல்லியிருக்காரு. நான் இங்க இருந்தாத்தானே வேற யாரும் வந்து கேக்க மாட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீதான் படிச்சிருக்கியே. திரும்ப நெல்லு வருமா?"

எனக்குப் பதில் தெரியும். பரீட்சையில் அதற்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். "மண்ணை லேப்ல பாத்தாத்தாம்பா தெரியும்" என்றேன்.

அப்பா உடனே எழுந்து மண்வெட்டி கொண்டு வந்தார். மண் எடுக்க ஒரு முறை இருக்கிறது: நாலா பக்கமும் நடந்து, பல இடங்களில் குழி வெட்டி, எல்லாவற்றையும் கலந்து, அதில் ஒரு கைப்பிடி எடுக்க வேண்டும். நான் அதைச் சொல்லச் சொல்ல அவர் காய்ந்த குளத்துக்குள் இறங்கி ஒரே மூலையைப் பார்த்து நடந்தார். வயலாக இருந்த காலத்தில் வாய்க்கால் மடை இருந்த மூலை அது. நல்ல தண்ணீர் முதலில் விழுகிற இடம். பயிர் எப்போதும் அங்கே ஒரு சாண் உயரமாக நிற்கும். அங்கேயே வெட்டி, மேல்மண்ணைத் தள்ளிவிட்டு, அடியிலிருந்து எடுத்து, கட்டியை விரலால் நசுக்கிப் பையில் போட்டார். இது முறையில்லை என்று நான் சொல்லவில்லை. பையை வாங்கிக்கொண்டேன்.

தஞ்சாவூருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் தோழி ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தாள்.

லேபில் மண்ணைக் காயவைத்து, சலித்து, தண்ணீரில் கலக்கி, உப்பை அளக்கிற மீட்டரை வைத்தேன். மீட்டர் காட்டியதை நம்பாமல் கழுவிவிட்டு மறுபடி வைத்தேன். பிறகு மேடத்தைக் கூப்பிட்டேன். மேடம் பார்த்துவிட்டு, "எந்த இடத்து மண்ணு?" என்று மட்டும் கேட்டார். வரைபடத்தில் அந்தத் துண்டை நெல்லிலிருந்து இறால் குளத்துக்கு மாற்றினேன். எங்கள் வரைபடத்தின் துல்லியம் கூடியது என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பாராட்டினார்.

அப்பாவிடம் சொல்வதை ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். அவரே போன் செய்தார். பின்னால் ஏரேட்டர் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன பாப்பா, மண்ணு பாஸாயிடுச்சா?"

"இல்லப்பா."

"அந்த மடை மூலைகூடவா?" என்றார்.

"அந்த மூலை மட்டும்தாம்ப்பா நீ குடுத்த."

"ஆமால்ல" என்றார். பிறகு, கொக்கு இறங்குகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.